டேங்கை வடித்து நிரப்பக் கொடுக்கிறீர்களா? பம்பு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்

சின்ன விமானம் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. ரிப்பேருக்காகப் பெட்ரோல் டேங்கை வடித்துத் திரும்ப நிரப்பித் தருகிறோம் என்று ஒரு பட்டறை சொன்னால், வடித்ததை எதில் பிடிப்பீர்கள், நிரப்புவதை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்களுடையது டெக்சாஸில் நண்பர்கள் சேர்ந்து வாங்கிய பழைய செஸ்னா 172என். வலது டேங்கில் அளவு காட்டும் சென்சார் பக்கம் கசிந்து இறக்கையில் நீலக்கறை. (சின்ன விமானங்களுக்குப் போடும் 100எல்எல் என்ற பெட்ரோலில் நீலச்சாயம் கலந்திருப்பதால் கசிவு தானாகவே காட்டிக்கொடுத்துவிடும்.) டேங்கை வடித்தால்தான் சென்சாரை மாற்ற முடியும் என்றார்கள். அது சரிதான்.

வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனேன். குளிருக்காக ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவை மூடி, உள்ளே ஹீட்டரை ஓடவிட்டு, பிளாஸ்டிக் டிரம்மில் பெட்ரோலை வடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தீப்பொறி இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். பாய்கிற பெட்ரோல் நிலைமின்சாரத்தையும் சேர்க்கும். உலோக டிரம் என்றால் விமானத்தோடு ஒயர் மாட்டி அதை இறக்கிவிடலாம். பிளாஸ்டிக்கில் எங்கே மாட்டுவது? திறந்தவெளிக்குத் தள்ளிக்கொண்டுபோய்ச் செய்யுங்கள் என்றேன். "எப்பவும் இப்படித்தான் சார்" என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கதவை மட்டும் திறந்தார்கள்.

பில்லில் இரண்டு வரி: பழைய பெட்ரோலை அப்புறப்படுத்தக் கட்டணம், புதுப் பெட்ரோல் விலை. விமானத்தை எடுக்கப் போனபோது வலது இறக்கையடி வால்வில் ஒரு கப்பில் பெட்ரோல் சாம்பிள் பிடித்தேன். கப்பின் அடியில் நிறமில்லாத தண்ணீர், அதில் கருப்புத் தூசி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கப் முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பெட்ரோலையும் தண்ணீரையும் பிரிக்கும் கோடு தெரியாது, சுத்தமாக இருப்பதுபோல் ஏமாற்றும். வெள்ளைப் பரப்புக்கு எதிரே பிடித்து நீலம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தண்ணீர் கார்புரேட்டருக்குப் போனால், தரையில் நன்றாக ஓடிய எஞ்சின் மேலே கிளம்பியதும் நின்றுபோகலாம்.

புதுப் பெட்ரோல் போட்ட ரசீதைக் காட்டுங்கள் என்றேன். பம்பு ரசீதில் தேதியும் கேலனும் இருக்கும். அவர்களிடம் ஒன்றுமே இல்லை. டிரம்மில் பிடித்ததையே வடிகட்டாமல் திரும்ப ஊற்றி, புதுசு என்று எழுதிவிட்டார்கள் என்பதுதான் என் முடிவு.

அன்றைக்குப் பறக்கவில்லை. வேறொரு மெக்கானிக் வெளியே நிறுத்தி, ஒயர் மாட்டி, உலோகப் பீப்பாயில் எல்லாவற்றையும் வடித்தார். எஞ்சினுக்குக் கீழே உள்ள ஸ்ட்ரெய்னரிலும் (பெட்ரோல் வடிகட்டி) அதே கருப்புத் தூசி. அப்புறம் அவர் செய்ததுதான் முதல் பட்டறை செய்திருக்க வேண்டியது. டேங்குக்கு ஒன்றரை கேலன், அதாவது பறக்கும்போது எஞ்சினுக்குக் கிடைக்காத அளவு மட்டும் ஊற்றி, மானி பூஜ்யத்தைக் காட்டுகிறதா என்று பார்த்தார். வலது மானி கால் டேங்க் என்றது! புது சென்சாரைச் சரிசெய்யாமலே மாட்டியிருக்கிறார்கள். பிறகு ஐந்தைந்து கேலனாக ஊற்றி, அளவுகுச்சியிலும் புதிதாகக் கோடு போட்டுக் கொடுத்தார். டேங்க் காலியாக இருக்கும்போது இதைச் செய்யாவிட்டால் மறுபடி எப்போது செய்வது?

நிறையப் பேசியபின் புதுப் பெட்ரோலுக்கு வாங்கிய பணம் மட்டும் திரும்பி வந்தது. அப்புறப்படுத்தும் கட்டணத்தைத் தர மறுக்கிறார்கள். விமானத்தின் லாக்புக்கில் சென்சார் மாற்றியதாக ஒரு வரி இருக்கிறது. டேங்கை வடித்தது, நிரப்பியது பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.