ஊதுபந்தா, ஈரக்குச்சியா?

தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்த படங்களில், முருகன் சிலைக்குப் பின்னால் வானத்தில் மூன்று சாம்பல் புள்ளிகள். எல்லாப் படத்திலும் அதே இடம். லென்ஸை மாற்றினேன், போகவில்லை. அப்படியென்றால் தூசு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேல்தான், சரியாகச் சொன்னால் அதை மூடியிருக்கும் கண்ணாடியில். அதை எடுக்க இரண்டு வழி: அமுக்கினால் காற்றடிக்கும் ரப்பர் ஊதுபந்து, கரைசலில் நனைத்துத் துடைக்கும் ஈரக்குச்சி.

உறுதிசெய்ய ஐஎஸ்ஓ 100, எஃப் 16 (லென்ஸ் துவாரம் சிறிதாக) வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல்பக்கப் புள்ளி சென்சாரின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும்.

செலவு:
பந்து ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும்.
குச்சி ஒரு தடவையோடு சரி. கரைசலுக்குத் தனிக் காசு.

எதற்கு:
பந்து, உதிரித் தூசுக்கு.
குச்சி, ஒட்டிக்கொண்டதற்கு. கோலாலம்பூர் புழுக்கத்தில் இது அடிக்கடி நடக்கும்.

ஆபத்து:
பந்தில் குறைவு. கேமராவைக் குப்புறப் பிடித்து ஊதுங்கள். முனை உள்ளே போகக்கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்றும் வேண்டாம்.
குச்சியில் கை நிதானம் வேண்டும். குச்சியின் அகலம், பெரிய சென்சாரான ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மில்லிமீட்டர், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சிக்கு 16. இரண்டு சொட்டு, ஒரே இழுப்பு. திருப்பி மறுமுகத்தால் இன்னொன்று. நான் தாராளமாக நாலு சொட்டு விட்டேன், கோடு கோடாகக் காய்ந்தது. துடைக்கும்போது ஷட்டர் மூடிக்கொள்ளாமலிருக்க பேட்டரியும் நிறைந்திருக்கட்டும்.

எனக்குப் பந்திலேயே இரண்டு புள்ளி போனது, மூன்றாவதுக்குத்தான் குச்சி. எஃப் 2.8-இல், அதாவது துவாரத்தை அகலத் திறந்து, கல்யாணம் எடுப்பவருக்குப் புள்ளி அவ்வளவாகத் தெரியாது, பந்தே போதும். பினாங்கில் கடலும் வானமும் எடுப்பவர் இரண்டையும் வைத்திருக்கலாம். கை நடுங்குமென்றால் கடையில் கொடுத்துவிடுங்கள்.