தரம் 7இன் முதல் ரோபோ: எதில் தொடங்கலாம்?

வன்னியில் ஒரு பாடசாலையில் ரோபோ வகுப்பு என்று பேச்செடுத்தால், உதிரிகள் அடங்கிய எந்த ரோபோப் பெட்டி வாங்குவது என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். 40 நிமிடப் பாடவேளையில், 35 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், எத்தனை பேருடைய கைக்கு வேலை கிடைக்கும்? அந்த வேலையில் உணர்வது, முடிவெடுப்பது, இயங்குவது என்ற மூன்றும் இருக்கின்றனவா? கண்ணிவெடி அகற்றுவோரின் கையில் இருக்கும் உலோகங்காட்டியை எங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அது உணர்கிறது, சத்தம் போடுகிறது. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது மனிதர். அந்த முடிவையும் இயந்திரம் எடுக்கும்போதுதான் அது ரோபோ ஆகிறது. தரம் 6 முதல் 9 வரை சொல்லப்படும் செயற்பாடுகளை இந்த இரண்டு கேள்விகளையும் வைத்தே பார்க்கிறேன்.

செலவே இல்லாதது மனித ரோபோ. வெண்கட்டியால் தரையில் கட்டங்கள் கீற வேண்டும். ஒரு பிள்ளை ரோபோ. மற்றவர்கள் குழுவாக இருந்து, "ஒரு கட்டம் முன்னே போ", "வலப்பக்கம் திரும்பு" என்று தாளில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். எழுதியதைத் தவிர வேறெதையும் ரோபோ செய்யக்கூடாது. ஒரு திருப்பத்தை எழுத மறந்தால் ரோபோ நேரே சுவரில் போய் நிற்கும், எங்கே பிழை விட்டோம் என்று குழுவே தேடும். 1967இல் உருவான லோகோ கணினி மொழியோடு, தரையில் ஊர்ந்து கோடு கீறும் ஆமை ரோபோவைக் கொண்டுவந்த கல்வி ஆய்வாளர் சீமோர் பேப்பர்ட் குழுவினரும் இதைத்தான் செய்வித்தார்கள்: ஆமையின் இடத்தில் நின்று நடந்து பார். இரண்டாம் சுற்றில் "முன்னால் கதிரை இருந்தால் இடப்பக்கம் திரும்பு" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்து, ரோபோவின் கண்ணைக் கட்டி, கையை நீட்டி நடக்கவிட்டால் உணரியும் முடிவும் வந்துவிடும். எந்தப் பாடசாலையும் இதைத் தவிர்க்கக் கூடாது.

பிரஷ் ரோபோவுக்கு அவ்வளவு இடம் கொடுக்கமாட்டேன். பல் துலக்கும் பிரஷின் தலையில் பழைய கைபேசியின் அதிர்வு மோட்டரும் 3 வோல்ட் பொத்தான் பற்றரியும் ஒட்டினால் அது துள்ளி ஓடும், வகுப்பே சிரிக்கும். ஆனால் அதனால் எதையும் உணர முடியாது, முடிவெடுக்கவும் முடியாது. பொத்தான் பற்றரியைச் சிறு தம்பி தங்கைகள் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு, வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

சிரிஞ்சும் மட்டைப்பெட்டியும் கொண்டு செய்யும் நீரியல் கை வேறு ரகம். இரண்டு சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பி ஒன்றை அழுத்தினால் மற்றது தள்ளும். சிறியதை அழுத்திப் பெரியதைத் தள்ளினால் விசை கூடும், நகரும் தூரம் குறையும். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பஸ்காலின் விதியைப் பிள்ளை விரலால் உணர்கிறது. உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் கை தொய்ந்துபோகும், ஏனென்றால் காற்று அமுங்கும், தண்ணீர் அவ்வளவாக அமுங்காது. நான்கு பேருக்கு ஒரு கை என்று முழு வகுப்பும் செய்யலாம். மூளை மட்டும் பிள்ளையிடமே இருக்கிறது. ஆகவே இது ரோபோவின் உடம்பைப் படிக்கும் பாடம், அந்த அளவில் மிக நல்ல பாடம். சிரிஞ்சுகள் மருந்துக்கடையில் வாங்கிய புதியவையாக இருக்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பொருள் கொண்டுவரச் சொல்லும்போது மட்டைப்பெட்டி, போத்தல் மூடி, ஐஸ்கிரீம் குச்சி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "பழைய இரும்புச் சாமான்" என்று பொதுவாகக் கேட்கவே கூடாது. முகமாலைப் பக்கம் போர் முடிந்து 10 ஆண்டுகள் கடந்தும் கண்ணிவெடி அகற்றல் நடந்தது. மண்ணில் கிடைத்த எந்த உலோகத் துண்டையும் பிள்ளை தொடக்கூடாது.

ஆர்டுயினோ என்பது நிரல் எழுதி இயக்கும் ஒரு மின்னணுப் பலகை. தரையில் கீறிய கோட்டைப் பின்தொடரும் ஆர்டுயினோ வண்டிதான் போட்டிகளில் பெயர் வாங்குவது. உணரி, முடிவு, இயக்கம் மூன்றும் அதில் உண்டு. ஆனால் தரம் 7க்கு இது முதல் படி அல்ல. ஒரே வோல்டேஜ் கொடுத்தாலும் இரண்டு மலிவு மோட்டர்களும் ஒரே வேகத்தில் சுற்றாது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கடையில் கிடைக்கும் 9 வோல்ட் சதுரப் பற்றரி மோட்டருக்குத் தேவையான மின்னோட்டத்தைத் தாங்காது. எங்கள் அரைச்சுவர் வகுப்பறைகளில் இன்னொரு சிக்கல்: உணரி கோட்டை அறிவது அகச்சிவப்புக் கதிரால். வெயிலிலும் அந்தக் கதிர் இருப்பதால், கறுப்புக் கோடு எது, வெள்ளைத் தாள் எது என்று உணரி குழம்பும். கடைசியில் சேர் குனிந்து வயர் திருத்துவார், பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தரம் 9இல், பாடசாலை விட்ட பிறகு, ஆறேழு பேர் கொண்ட கழகத்துக்கு இது அருமையான வேலை.

நான் தேர்வது மைக்ரோபிட். 2016இல் பிரித்தானியாவில் பிபிசி முன்னின்று தரம் 7 வயதுப் பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கில் கொடுத்த சிறு கணினிப் பலகை இது. 25 சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், சரிவையும் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் அறியும் வசதி எல்லாம் அதிலேயே உண்டு. மேக்கோட் என்ற மென்பொருளில் கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதலாம். பலகை கைக்கு வராத பிள்ளையும் திரையில் இருக்கும் மாதிரிப் பலகையில் ஓட்டிப் பார்க்கலாம். இணையம் இல்லாமல் பயன்படுத்தும் பதிப்பும் இருக்கிறது.

ஆனால் அதில் சிரித்த முகம் காட்டுவதோடு நிற்கக் கூடாது. ஒரு குளம் கட்டுங்கள். மாரியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறந்த செய்தி தெரியாத பிள்ளை கிளிநொச்சியில் இருக்காது. பிளாஸ்டிக் பேசினில் இரண்டு வயர் நுனிகளை ஒரே உயரத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீர் இரண்டையும் தொட்டால் சிறிது மின்சாரம் ஓடும், பலகை அதை அறியும், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சேர்வோ மோட்டர் மட்டைக் கதவைத் தூக்கும். சேர்வோவுக்குத் தனிப் பற்றரி கொடுத்து, அந்தப் பற்றரியின் மறை (−) முனையையும் சேர்வோவின் கட்டளை வயரையும் மட்டும் பலகையோடு இணைக்க வேண்டும்.

முதலில் கதவு திறக்கும், மூடும், திறக்கும், மூடும் என்று துடிக்கும், ஏனென்றால் தண்ணீர் மட்டம் வயர் நுனியில் ஆடிக்கொண்டிருக்கும். இதைத் திருத்திக் கொடுக்காதீர்கள். "திறக்க ஒரு மட்டம், மூட அதற்குக் கீழே இன்னொரு மட்டம்" என்ற விடைக்குப் பிள்ளைகள் தாங்களே வந்து சேர்வார்கள். பொறியியலில் இது அன்றாடம் பயன்படும் வழி. அப்புறம் யாராவது கேட்பார்கள்: கீழே வயலில் ஆட்கள் நின்றால்? அப்போது கதவு திறக்குமுன் எச்சரிக்கை ஒலி என்ற கட்டம் நிரலில் சேரும். எந்தப் பெட்டியிலும் அச்சடித்து வராத பாடம் அது.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். விலை கூடிய ஒரு லெகோ பெட்டி அனுப்ப நினைப்பீர்கள். 1998இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டோர்ம்ஸ் என்ற ரோபோப் பெட்டி வரிசையை அந்த நிறுவனமே 2022 முடிவோடு நிறுத்திவிட்டது. இனி அதற்கு உதிரிப்பாகம் தேடுவது பாடு. அதே காசில் பத்து மைக்ரோபிட், மீள்மின்னேற்றும் பற்றரிகள், அவற்றுக்கான சார்ஜர், வயரைக் கவ்விப் பிடிக்கும் முதலைக் கவ்விகள் அனுப்புங்கள். மூன்று நான்கு பேருக்கு ஒரு பலகை வரும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கு படிக்கும் அண்ணா, அக்காமார் மாதம் ஒருமுறை வந்து வகுப்பில் நின்றால் ஆசிரியருக்கும் தைரியம் வரும்.