துண்டு அடைக்க வேண்டாத கிட்டார்

நண்பர் மூன்று வாரம் ஊரில் இல்லாததால் அவருடைய கருப்பு லூசில் கிட்டார் என் வீட்டுக்கு வந்தது. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்குக்காக கிப்சன் கம்பெனி வடிவமைத்த மாடல். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் வாசித்தேன். வீட்டில் யாரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அதையே பாதி விமர்சனமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதன் அருமையே அதில் இல்லாத இரண்டு துளைகள்தான். கிப்சனின் ஈ.எஸ்-335 வகைக் கிட்டார்களில் வயலின்போல எஃப் வடிவத் துளைகள் இருக்கும். ஆம்பை, அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டியைக் கூட்டி வைத்தால் ஸ்பீக்கர் சத்தத்தில் உள்ளிருக்கும் காற்றும் மேல்பலகையும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடும். கிங் அந்தத் துளைகளில் துண்டைத் திணித்துக்கொண்டு வாசித்தவர். 1980-ல் அவருக்கென்று மாடல் வந்தபோது துளையே போடாமல் விட்டுவிட்டார்கள்.

துளையுள்ள என் பழைய கிட்டாரில், ஆம்புக்கு இரண்டடி தள்ளி நின்று ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டைத் தொட்டாலே ஓலம். லூசில் அதே இடத்தில் சாதுவாக இருந்தது. இரண்டாம் கம்பியை இழுத்துப் பிடித்து மணிக்கட்டை ஆட்டினால் சத்தம் மெல்லத் தேய்கிறதே தவிர கத்துவதில்லை. இழுத்த இழுப்பில் சுருதி இறங்கினாலும் தலைப்பக்கம் கை போக வேண்டாம். வால்பக்கத்தில் கம்பிக்கு ஒன்றாக ஆறு திருகுகள். வலது கை விரலாலேயே தட்டிச் சரிசெய்துகொண்டேன்.

ஒலியின் தன்மையை மாற்றும் வேரிடோன் சுவிட்சில் எனக்கு அவ்வளவு மனசில்லை. ஆறு நிலைகள். ஒன்றில் வைத்தால் அது இல்லாத மாதிரி. மற்றவை ஒலியின் நடுப்பகுதியை வெவ்வேறு இடத்தில் குடைந்தெடுக்கின்றன. இரண்டாவது பரவாயில்லை, ஆறாவது மூக்கடைத்த டிரான்சிஸ்டர். அப்புறம் கேபிள் சொருக இரண்டு ஓட்டைகள், மோனோவுக்கு ஒன்று, ஸ்டீரியோவுக்கு ஒன்று. முதல் நாள் சாதாரண கேபிளை ஸ்டீரியோவில் சொருகிவிட்டு, கம்பியதிர்வை வாங்கி ஆம்புக்கு அனுப்பும் பிக்கப்களில் ஒன்று செத்துவிட்டதென்று வியர்த்துப் போனேன். இரவல் பொருளாயிற்றே! எடையும் கொஞ்சம் அதிகம்தான். நின்று வாசித்தால் முக்கால் மணி நேரத்தில் தோள் பேசும்.

கிங்கின் 80-வது பிறந்தநாளுக்கு 2005-ல் 80 லூசில் மட்டும் செய்தார்கள். அதற்கான முதல் மாதிரி கிங்கிடம் இருந்து, 2009-ல் திருடு போய், லாஸ் வேகாஸ் அடகுக் கடை ஒன்றில் அகப்பட்டு அவரிடமே திரும்பியது. 2019-ல் ஏலத்தில் 2,80,000 டாலருக்குப் போனது. அது அவர் கைபட்டதற்கான விலை. மற்ற எண்பதில் ஒன்றுக்காக யாராவது கடன் வாங்கினால் நான் தடுப்பேன். துளையில்லாத உடம்பு சாதாரண லூசிலிலேயே இருக்கிறது, வாசிக்கிறவனுக்கு வேண்டியது அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழைய காசித்துண்டு ஒன்றை இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறேன், என் பழைய கிட்டாரின் துளைக்கு ஒன்று.