நிக் டிரேக்கின் மூன்று ஆல்பங்கள்: எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வைப்பது

1974 நவம்பரில், 26 வயதில், இங்கிலாந்துப் பாடகரும் கிட்டார் கலைஞருமான நிக் டிரேக் இறந்தபோது அவர் பெயரில் வந்திருந்தவை மூன்றே ஆல்பங்கள். 1969-இல் ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட், 1971-இல் பிரைட்டர் லேட்டர், 1972-இல் பிங்க் மூன். மூன்றையும் வரிசையாகப் போட்டுக் கேட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இவ்வளவு சின்னக் கையிருப்பை வைத்துக்கொண்டு ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அதன் நியாயம் தெரியும். ஒரே ஆளின் மூன்று ஆல்பங்களும் மூன்று வெவ்வேறு ஊர்கள் மாதிரி.

சண்டை வழக்கமாக ஒரே கோட்டில்தான் நடக்கும். வயலின், புல்லாங்குழல் எல்லாம் தேவையில்லாத ஜோடனை, வெறும் கிட்டாரும் குரலும் உள்ள பிங்க் மூன்தான் அசல் நிக் என்பது ஒரு தரப்பு. பாட்டை முழுதாக உடுத்திக் காட்டியது பிரைட்டர் லேட்டர்தான் என்பது எதிர்த்தரப்பு. இந்தக் கோடே தப்பான இடத்தில் போடப்பட்டிருக்கிறது. கூடுதல் வாத்தியம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதைவிட, நிக்கின் வலது கைக் கட்டைவிரல் காதில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மேல் கம்பிகளில் மற்ற விரல்கள் பின்னிக்கொண்டிருக்க, அடிக் கம்பிகளில் அந்தக் கட்டைவிரல் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். குரல் அதன்மேல் கொஞ்சம் பிந்தி வந்து உட்காரும். இவரது பாட்டின் உயிர் அந்தப் பிந்தலில்தான் இருக்கிறது. அதை மறைக்கும் எந்த ஏற்பாடும் கெடுதல், அதைக் காட்டும் எந்த ஏற்பாடும் நல்லது.

அந்த அளவுகோலில் முதலிடம் ஃபைவ் லீவ்ஸ் லெஃப்டுக்கு. சிகரெட் சுருட்டும் ரிஸ்லா தாள் கட்டில், தாள் தீரப்போகிறது, இன்னும் ஐந்துதான் மிச்சம் என்று எச்சரிக்கும் சீட்டு ஒன்று இருக்கும். தலைப்பு அங்கிருந்து வந்தது. தயாரிப்பு ஜோ பாய்ட், ஒலிப்பதிவு ஜான் வுட், இடம் லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ். பழைய பால் டிப்போ ஒன்றை மாற்றிக் கட்டிய ஸ்டூடியோ அது. வயலின் ஏற்பாடுகளுக்கு முதலில் பெயர் பெற்ற ஒருவரைத்தான் அமர்த்தினார்கள். ரிச்சர்ட் ஹ்யூசன். அவர் எழுதியது நிக்குக்குப் பிடிக்கவில்லை. கேம்பிரிட்ஜில் தன்னோடு படித்த ராபர்ட் கிர்பியை அழைத்துவந்தார். முன் அனுபவம் இல்லாத மாணவர் என்றாலும் கிர்பி எழுதியது அவ்வளவு பொருத்தமாக அமைந்தது. வே டு புளூ பாட்டில் நிக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வயலின்களோடு மட்டும் பாடுகிறார். கட்டைவிரலே இல்லாத பாட்டு இது. ஆனால் கட்டைவிரல் செய்யும் வேலையை அடிஸ்தாயி வயலின் குடும்பம் எடுத்துக்கொள்கிறது, அதனால் எதுவும் குறையவில்லை.

ரிவர் மேன் பாட்டை மட்டும் கிர்பி தன்னால் ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டார். ஹாரி ராபின்சன் எழுதினார். இந்தப் பாட்டைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். தாளம் ஐந்து அடி. தகதகிட, தகதகிட என்று தொடையில் தட்டிக்கொண்டே கேட்டால் கிட்டார் எவ்வளவு சலனமில்லாமல் அந்த ஐந்தில் நடக்கிறது என்பது புரியும். மேற்கத்திய நாட்டுப்புறப் பாட்டில் மூன்றும் நான்கும்தான் வழக்கம், ஐந்து அபூர்வம். அப்படி ஐந்து வந்தாலும், பார் எவ்வளவு சிக்கலான தாளம் என்று துருத்திக்கொண்டு நிற்கும். இங்கே அது தெரியவே தெரியாது. முதலில் கிட்டாரும் குரலும் மட்டும். பிறகு வயலின்கள் மெல்ல, மூடுபனி ஏறுவது மாதிரி உள்ளே வருகின்றன. வந்தபின்னும் கிட்டாரின் ஒலி அளவு குறைவதில்லை. கடைசிவரை ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும். அலங்காரம் நிக்கைக் கெடுத்தது என்பவர்களுக்கு இந்த நாலேகால் நிமிடம் போதுமான பதில்.

மற்ற பாட்டுகளில் டேனி தாம்ப்சனின் டபுள் பேஸைத் தனியாகக் கவனிக்கலாம். த்ரீ ஹவர்ஸில் அவரும் நிக்கின் கட்டைவிரலும் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். செல்லோ சாங்கில் செல்லோவும் காங்கா கொட்டும் கூட இருந்தும் கிட்டார் நடுவில் தெளிவாக நிற்கிறது. குறை என்றால் மேன் இன் எ ஷெட். நல்ல ஆட்டம், சின்னப் பாட்டு. த தாட்ஸ் ஆஃப் மேரி ஜேனில் புல்லாங்குழல் கொஞ்சம் தித்திப்பு கூடிவிட்டது. அவ்வளவுதான். ஆரம்ப அச்சுகளின் உறையில் பாட்டு வரிசை தவறாக இருக்கும், பதிவில் விடப்பட்ட சரணங்களும் அச்சாகியிருக்கும். தட்டு மாறிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அன்று நடந்த அச்சுப் பிழை அது. நிக்கே அதற்காக வருந்தினார்.

மூன்றில் கடைசி இடம் பிரைட்டர் லேட்டருக்கு. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், ஏனென்றால் நிக்கின் மிகச் சிறந்த ஒரே ஒரு பாட்டு எது என்று கேட்டால் அதுவும் இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. முதலில் குறையைச் சொல்லிவிடலாம். 39 நிமிட ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் பாடலே இல்லாத வாத்திய இசை. தொடக்கம், இரண்டாம் பக்கத்தின் முதல், கடைசி. மூன்றும் சேர்ந்து எட்டரை நிமிடத்துக்கு மேல். தொடக்கத்தில் வருவது ஒன்றரை நிமிடம்தான், அழகாகவும் இருக்கிறது, கிட்டாரும் முன்னால் நிற்கிறது. மற்ற இரண்டிலும் புல்லாங்குழல்தான் ராஜா. மருத்துவமனை வரவேற்பறையில் ஓடினாலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது பேஸும் டிரம்ஸும். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவிலிருந்து வந்து பேஸ் வாசித்த டேவ் பெக், டிரம்ஸ் வாசித்த டேவ் மாட்டக்ஸ் இருவருமே கை தேர்ந்தவர்கள். தனியாக எடுத்துப் பார்த்தால் அவர்கள் வாசிப்பில் ஒரு பிசகும் கிடையாது. சிக்கல் வேறு. அடிக் கம்பியில் கட்டைவிரல் செய்யும் வேலையையே பேஸும் டிரம்ஸும் செய்கின்றன. ஒரே வேலைக்கு மூன்று பேர் வந்தால் மெதுவாகப் பேசுகிறவர் குரல்தான் முதலில் காணாமல் போகும். ஹேஸி ஜேன் டூ பாட்டில் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்துகொள்ள, சொற்கள் வண்டியைப் பிடிக்க ஓடுவது போல ஓடுகின்றன. குரல் பிந்தி உட்கார இடமே இல்லை. புவர் பாய் ஆறு நிமிடம். கிறிஸ் மெக்ரெகரின் பியானோவுக்காக அதை மன்னிக்கலாம், பின்னணிப் பெண்குரல்களை ரசிகர்களில் பாதிப்பேர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவை பாட்டின் தன்னிரக்கத்தைச் சீண்டுவதற்காகவே வைக்கப்பட்டவை என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போதே அந்தச் சீண்டல் தேய்ந்துவிடுகிறது.

இப்போது நார்தர்ன் ஸ்கை. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க ராக் குழுவிலிருந்து வந்த ஜான் கேல் இதில் பியானோ, ஆர்கன், செலஸ்டா மூன்றும் வாசிக்கிறார். செலஸ்டா என்பது பியானோ மாதிரிக் கட்டையும் உள்ளே உலோகத் தகடுகளும் கொண்ட வாத்தியம், சின்ன மணிகள் உதிர்வது போல ஒலிக்கும். அது குரலுக்கு மேலே, வேறு உயரத்தில் ஒலிப்பதால் கிட்டாரோடு மோதவே இல்லை. ஆர்கன் கீழே விரிப்பாகக் கிடக்கிறது. நடுவில் பியானோ மட்டும் எழுந்து வரும் இடத்தில் பாட்டு முழுவதும் ஒரு மூச்சு நிறுத்தி மறுபடி தொடங்குகிறது. டிரம்ஸ் இங்கும் இருக்கிறது, ஆனால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது தீர்மானமாகியிருக்கிறது. ஆல்பம் முழுவதும் இந்தக் கணக்கு இருந்திருந்தால் முதலிடம் பற்றிப் பேச்சே இருந்திருக்காது. ஃப்ளை பாட்டிலும் கேல்தான், வயோலாவும் ஹார்ப்சிகார்டும். அதுவும் தப்பித்துக்கொண்டது.

பிங்க் மூன் பற்றி இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒன்று ஒலி, இன்னொன்று அதைச் சுற்றிக் கட்டப்பட்ட கதை. 1971 அக்டோபரில் இரண்டே இரவுகள். ஸ்டூடியோவில் நிக்கும் ஜான் வுட்டும் மட்டும். 11 பாட்டு, 28 நிமிடம். தலைப்புப் பாட்டில் சில வினாடி வரும் பியானோவைத் தவிர வேறெதுவும் இல்லை. கட்டைவிரல் கேட்க வேண்டும் என்றால் இதைவிடத் தெளிவாக எங்கும் கேட்காது. ஹார்ன் ஒன்றரை நிமிடம்கூட இல்லை, பாட்டும் இல்லை. ஒவ்வொரு சுரமாக எடுத்துவைத்து, அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்ததை வைக்கிறார். நோ பாட்டில் மொத்தமே நான்கு வரி, ஒரே கிட்டார் வாக்கியம் திரும்பத் திரும்ப.

அப்படியானால் ஏன் முதலிடம் இல்லை? ரோடு, ஃப்ரீ ரைடு, ஹார்வெஸ்ட் பிரீட் மூன்றும் பாதியில் எழுந்து போனவர் விட்டுச்சென்ற காகிதம் மாதிரி நிற்கின்றன. விரல் வேலை அபாரம், பாட்டு அந்த அளவுக்கு வளரவில்லை. திங்ஸ் பிஹைண்ட் த சன், விச் வில், ஃப்ரம் த மார்னிங் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். நூலிழை வித்தியாசத்தில் இரண்டாம் இடம்.

கதை விஷயத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். இதை மரண வாக்குமூலமாகக் கேட்பது ஆல்பத்துக்குச் செய்யும் அநியாயம். பதிவுக்குப் பின் நிக் மூன்று ஆண்டு உயிரோடு இருந்தார். 1974-இல் மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்தார். உண்மையில் கலங்கவைப்பது அந்தக் கடைசிப் பதிவுகள்தான். பாடிக்கொண்டே வாசிக்க முடியாத நிலையில், கிட்டாரை முதலில் பதிந்து குரலைப் பிறகு சேர்த்தார்கள். பிளாக் ஐட் டாக் கேட்டால் வேறுபாடு புரியும். பிங்க் மூனோ விடியலைப் பற்றிய பாட்டோடு முடிகிறது. அதிலிருந்து ஒரு வரியைத்தான் டான்வொர்த்-இன்-ஆர்டனில் உள்ள அவர் கல்லறைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

கிட்டார் கையில் உள்ளவர்கள் தலைப்புப் பாட்டை வாசித்துப் பார்த்தால் ஆல்பம் இன்னும் திறக்கும். சாதாரண சுருதியில் முயன்றால் வராது. ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து சி-க்கு இறக்குங்கள். ஐந்தாவது ஏ-யிலிருந்து ஜி, நான்காவது டி-யிலிருந்து சி, மூன்றாவது ஜி-யிலிருந்து எஃப். இரண்டாவதை மட்டும் அரைச் சுருதி ஏற்றி பி-யிலிருந்து சி. முதல் கம்பி ஈ, அப்படியே. கேப்போ இரண்டாம் ஃப்ரெட்டில். மெல்லிய கம்பி செட் போட்டிருந்தால் ஆறாவது கம்பி சி-யில் தொளதொளத்து ஃப்ரெட்டில் இடித்து நறநறக்கும். 13-இல் தொடங்கும் மீடியம் செட் அதைத் தீர்க்கும். இரண்டாவது கம்பியைக் கடைசியில் ஏற்றுங்கள். முதலிலேயே ஏற்றிவிட்டு மற்றவற்றை இறக்கினால் கழுத்தின் இழுவிசை குறைந்து அது மறுபடி விலகிப்போகும், எல்லாம் முடிந்தபின் இன்னொரு சுற்றும் சரிபார்க்க வேண்டும்.

இறப்புக்குப் பின் வந்தவற்றில் டைம் ஆஃப் நோ ரிப்ளை நல்ல வாங்கல், ஐ வாஸ் மேட் டு லவ் மேஜிக் பாட்டுக்கு ஹ்யூசன் எழுதிய அந்த நிராகரிக்கப்பட்ட ஏற்பாடு அதில்தான் இருக்கிறது. நிக் ஏன் வேண்டாமென்றார் என்பது ஒரே தடவையில் விளங்கும். 2004-இல் வந்த மேட் டு லவ் மேஜிக் ஆல்பம் அதே பாட்டைக் கிர்பியின் ஏற்பாட்டோடு புதிதாகச் சேர்த்துத் தருகிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் நிக் ஒப்புதல் தந்த பதிவு அல்ல என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். 2007-இன் ஃபேமிலி ட்ரீ வீட்டு டேப்புகள், 28 துண்டுகள். அம்மா மாலி டிரேக் பாடும் இரண்டு பாட்டுகள் அதில் பொக்கிஷம். மகனின் சுரப்போக்கு எங்கிருந்து வந்தது என்று வேறு விளக்கமே தேவைப்படாது. ஆனால் முதல் வாங்கலாக இது ஆகவே ஆகாது. 2025-இல் வந்த த மேக்கிங் ஆஃப் ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட் நான்கு தட்டு. முதல் ஆல்பம் மனப்பாடம் ஆனபின் வாங்கினால் ஒவ்வொரு மாற்றமும் பேசும், அதற்கு முன் வாங்கினால் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட அலுப்புதான் மிஞ்சும்.

பழைய எல்பி தேடுபவர்களுக்கு: ஃபைவ் லீவ்ஸ் லெஃப்டின் முதல் அச்சு ஐலண்ட் நிறுவனத்தின் பிங்க் நிற லேபிளில் வந்தது. ஐஎல்பிஎஸ் 9105 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள், பின்னால் வந்த அச்சுகளும் அதே எண்ணைத் தாங்கியவை. பிங்க் மூனைப் பொறுத்தவரை கீறல் விழுந்த எல்பியைத் தொடவே வேண்டாம். மற்ற இரண்டிலும் வயலினும் டிரம்ஸும் கீறலை ஓரளவு மூடிவிடும், இதில் ஒவ்வொரு பொரிச்சலும் கிட்டாரோடு சரிசமமாகக் கேட்கும். சுத்தமான சிடி எவ்வளவோ மேல். செயலியில் கேட்பவர்கள் ஷஃபிளை அணைத்துவிட்டு, பிங்க் மூனை ஒரே அமர்வில், ஹெட்போனில், அக்கம்பக்கம் ஓய்ந்த பிறகு கேளுங்கள். ஃபைவ் லீவ்ஸ் லெஃப்டுக்கு ஹெட்போன் கட்டாயம் இல்லை, அறையில் கொஞ்சம் நல்ல ஸ்பீக்கரில் டேனி தாம்ப்சனின் பேஸ் தரையில் இறங்கும்படி வைத்தால் போதும்.