ஏடிஆர் பிவிபிஐ ஆப்: கடையில் வைத்துப் பயன்படுத்திய அனுபவம்

மருந்தால் வரும் பக்க விளைவுகளை (ஏடிஆர்) அரசுத் திட்டத்துக்குத் தெரிவிக்கும் ஆப் இது. மெடிக்கல் ஷாப்பில் இருப்பவர்களுக்கு இது தேவையா என்று தொழிலில் புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். போனில் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எனக்கு ஆப்பை விட அதே திட்டம் வெளியிடும் எச்சரிக்கைகள்தான் அதிகம் உதவியிருக்கின்றன.

தெரியாதவர்களுக்கு: இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் (பிவிபிஐ) 2010-இல் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் இதை நடத்துகிறது. நாட்டின் பல இடங்களிலிருந்து வரும் பக்க விளைவுத் தகவல்களை ஆராய்ந்து, சந்தேகம் வலுக்கும்போது எச்சரிக்கை விடுவார்கள். மருந்தின் பெயர், எதற்குக் கொடுப்பது, என்ன விளைவு, அவ்வளவுதான் இருக்கும். டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

2023 நவம்பர் இறுதியில் மெஃபனாமிக் ஆசிட் பற்றி ஒன்று வந்தது. மாதவிடாய் வலிக்குச் சீட்டே இல்லாமல் பெயர் சொல்லி வாங்கிப் போகிறார்களே, அதே மாத்திரைதான். 'ட்ரெஸ்' எனப்படும் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்றார்கள்: காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறிகட்டுதல், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு. அரிதாகத்தான் வரும். சிக்கல் என்னவென்றால், மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரம் கழித்தும் தலைகாட்டும். தடிப்பு வந்தவர் நேற்றுச் சாப்பிட்ட கத்திரிக்காயையோ கருவாட்டையோ குறை சொல்வார். போன மாதம் போட்ட மாத்திரை நினைவுக்கே வராது. அதைப் படித்த பிறகு, தடிப்புக்குக் களிம்பு கேட்டு வருபவர்களிடம் இரண்டு மாதமாக என்னென்ன மாத்திரை போட்டார்கள் என்று கேட்கிறேன். வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட் மாத்திரை சிலவற்றாலும் ட்ரெஸ் வரலாம் என்பதால் அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கும் இதே கேள்விதான்.

இன்னொன்று பழைய பாடம்தான், ஆனால் கேட்கும் பழக்கம் வந்ததால் கண்ணில் பட்டது. வாராவாரம் இருமல் சிரப் வாங்கும் ஒருவர். "அண்ணே, பிரஷருக்கு என்ன மாத்திரை போடறீங்க?" என்றேன். பையிலிருந்து ராமிப்ரில் அட்டையை எடுத்தார். அந்த வகை மருந்துக்கு வறட்டு இருமல் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்; யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். "நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க" என்று அனுப்பினேன். டாக்டர் டெல்மிசார்ட்டனுக்கு மாற்றினார். சில வாரத்தில் இருமல் நின்றது, எனக்கு சிரப் விற்பனையும் நின்றது.

சரி, ஆப்புக்கு வருவோம். நோயாளியின் முழுப்பெயர் வேண்டாம், இனிஷியல் போதும். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கவும் வேண்டாம், சந்தேகம் போதும். நிரப்புவதில் எனக்கு உதைப்பது பேட்ச் நம்பர், அதாவது மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் எண். நாலு மாத்திரை கேட்டவருக்கு அட்டையை வெட்டிக் கொடுக்கிறோம். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அச்சான முனை கடையிலேயே தங்கிவிடுகிறது. இப்போது பில்லில் பேட்ச் நம்பர் இல்லாமல் எதையும் கொடுப்பதில்லை. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் இறந்த விவகாரம் வெடித்தபோது, எந்த பேட்ச் யாரிடம் போனது என்று தேட இந்தப் பழக்கம் கைகொடுத்தது.

பார்மசிஸ்ட் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கப் போகவேண்டிய புத்தாக்கப் பயிற்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் போன ஒன்றில் ஸ்லைடை அப்படியே வாசித்தார்கள், மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. அதைவிட மாதம் ஒரு எச்சரிக்கையைக் கடைப் பையன்களோடு பத்து நிமிடம் பேசுவது மேல்.

ஆப் சரிப்படாதவர்கள் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் வேலை நேரத்தில் சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலேயே இருக்கிறது. கொஞ்சம் பிரதி எடுத்து கவுண்டரில் வைத்திருக்கிறேன்.