ஆர்கேட் பட்டன் தொகுப்பு: பட்டன்கள் நன்று, வயர்கள் பொருந்தவில்லை

இருவர் ஆடக்கூடிய ஆர்கேட் பலகை (விளையாட்டுக் கூடங்களின் வீடியோ கேம் எந்திரங்களில் இருப்பது போன்ற கட்டுப்பாட்டுப் பலகை) ஒன்றை 18 மி.மீ. பிளைவுட்டில் வீட்டிலேயே செய்வதற்காக, பட்டன்கள், மைக்ரோசுவிட்சுகள், ஜாய்ஸ்டிக்குகள், பட்டன் அழுத்தத்தைக் கணினிக்குத் தெரிவிக்கும் யூஎஸ்பி என்கோடர்கள், வயர்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு ஒன்றை இணையக் கடையில் வாங்கினேன். மூன்று மாதங்களாகப் பிள்ளைகள் நாள்தோறும் அதில் ஆடுகிறார்கள்.

இதிலுள்ள பட்டன்கள், அமெரிக்க ஆர்கேட் எந்திரங்களால் பரவி ஹேப் என்ற பெயரில் அறியப்படும் வகையைச் சேர்ந்தவை. நீண்ட கழுத்தும், அடியிலிருந்து முடுக்கும் நட்டும், அதற்குக் கீழே தனியே மாட்டும் மைக்ரோசுவிட்சும் கொண்டவை. ஜப்பானின் சான்வா ஓபிஎஸ்எஃப்-30 விரல் பட்டவுடன் இறங்கும் அருமையான பட்டன்தான். ஆனால் அது மெல்லிய தகட்டில் கிளிப்பால் அமரும் வகை என்பதால், தடித்த பலகையில் அந்தக் கிளிப்புக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. மரப்பலகைக்கு ஹேப் வகையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அழுத்தும்போது கேட்கும் 'டிக்' ஒலியும் விரலுக்குத் தெரியும் எதிர்ப்பும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன.

குறை முழுவதும் வயர்களில்தான். மைக்ரோசுவிட்சின் தகடுகள் 4.8 மி.மீ. அகலமுடையவை, உடன் வந்த வயர்களின் முனையில் இருந்ததோ 6.3 மி.மீ. லக் (தகட்டில் செருகும் உலோகக் கவ்வி). மாட்டும்போது உள்ளே போய்விடுவதால் வேறுபாடு தெரியவில்லை. சண்டை விளையாட்டின் நடுவே குத்துப் பட்டன் மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தபோது, என்கோடர்தான் பழுது என்று எண்ணி ஒரு மாலைப் பொழுதை வீணாக்கினேன். கடைசியில் பலகையைக் கவிழ்த்து லக்கை விரலால் தொட்டபோது அது தளர்ந்து ஆடியது. விற்றவரிடம் முறையிட்டபோது, பிளையரால் நசுக்கிக்கொள்ளச் சொன்னார். அப்படி நசுக்கியவை சில நாட்களிலேயே மீண்டும் தளர்ந்தன. பிறகு 4.8 மி.மீ. லக்குகளைத் தனியே வாங்கி, கிரிம்பிங் கருவியால் ஒவ்வொன்றாக அழுத்தி, இழுத்துப் பார்த்து மாட்டினேன். அதன்பின் ஒரு பட்டனும் தவறவில்லை.

இணைப்பு விளக்கத்தாள் எதுவும் தரப்படாததும் பெரிய குறையே. சுவிட்சில் உள்ள மூன்று முனைகளில் சிஓஎம் (பொது முனை) என்கோடரின் கிரவுண்டுக்கும், என்ஓ (அழுத்தும்போது மட்டும் இணையும் முனை) என்கோடரின் பட்டன் உள்ளீட்டுக்கும் செல்ல வேண்டும். என்சி (அழுத்தாதபோது இணைந்திருக்கும்) முனையில் வயரை மாட்டிவிட்டால், யாரும் தொடாத பட்டனும் அழுத்தப்பட்டதாகவே கணினிக்குத் தெரியும். மல்டிமீட்டரை வைத்து, அழுத்தும்போது மட்டும் 'பீப்' ஒலி வருகிறதா என்று ஒவ்வொரு சுவிட்சையும் முன்பே சோதித்துவிடுவது நல்லது.

தரப்பட்ட என்கோடரில் ஒவ்வொரு பட்டனுக்கும் இரட்டை வயர் கொண்ட தனிச் சாக்கெட் இருப்பதால், புதிதாகச் செய்பவருக்கு வேலை எளிது. பலகைக்கு அடியில் வயர்க்கற்றைதான் தடித்துவிடுகிறது. அல்டிமார்க்கின் ஐ-பேக் போன்ற என்கோடர்களில் ஒரே கிரவுண்டு வயரைப் பட்டனுக்குப் பட்டன் தொடர்ந்து கொண்டுபோகலாம். நடுவில் ஒரு லக் கழன்றால் அதற்கு அடுத்த பட்டன்கள் அனைத்தும் செயலிழக்கும் என்பதால், கடைசிப் பட்டனிலிருந்து அந்த வயரை மீண்டும் கிரவுண்டுக்கே கொண்டுவந்து வளையமாக முடித்துவிட வேண்டும்.

பட்டன்களுக்காகவும் சுவிட்சுகளுக்காகவும் இத்தொகுப்பைத் தயங்காமல் வாங்கலாம், 4.8 மி.மீ. லக்குகளை மட்டும் அதே நாளில் சேர்த்து வாங்கிவிடுங்கள். சென்ற வாரம் ஒரு சுவிட்ச் தேய்ந்துபோனபோது, இரண்டு லக்குகளை உருவி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட இரண்டு நிமிடங்களே ஆயின; சாலிடரிங் இரும்பை எடுக்க வேண்டிய தேவையே எழவில்லை.