பேரிங் மாற்றியதாக பில் வரும், கப் பழசாகவே இருக்கும்

பிக்கப் வண்டிக்கு முன்சக்கர பேரிங் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு. இரண்டு பக்கமும் பேரிங் செட், ஆயில் சீல், கிரீஸ் எல்லாம் புதுசு என்று பில் போட்டுக் கொடுத்த வண்டி, சில நூறு கிலோமீட்டரிலேயே இடது பக்கம் மறுபடி உறும ஆரம்பித்தது. சக்கரம் மாட்டும் ஹப்பைக் கழற்றினால், மாறியிருந்தது கோன் (ரோலர்கள் உள்ள உள்வளையம்) மட்டும். அந்த ரோலர்கள் ஓடும் வெளிவளையமான கப் இரண்டும் பழையவை. சீலும் பழையது, அதன் உதடு கிழிந்து கிரீஸ் கசிந்து பிரேக் டிஸ்க்கின் உள்பக்கம் வரை வந்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "கப் நல்லாத்தான் சார் இருந்துச்சு. அதைத் தட்டி எடுத்தா ஹப் கெட்டுரும்."

இது பித்தலாட்டம். அந்த "நல்லா இருந்த" கப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ரோலர் ஓடும் பாதை முழுக்க மங்கிய சாம்பல் பட்டை, நடுநடுவே கடுகளவு குழிகள், ஓரிடத்தில் ரோலர் இடைவெளிக்குச் சரியாக வரிவரியாகப் பள்ளம். நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. இப்படிச் சாய்வான ரோலர் உள்ள டேப்பர் ரோலர் பேரிங்கில் கப்பும் கோனும் ஜோடியாகத்தான் மாற வேண்டும். குழி விழுந்த கப்பின் மேல் புது ரோலர் ஓடினால், புதுசும் சீக்கிரமே அதே கதிக்கு வரும்.

கப்பை எடுப்பது பெரிய வித்தை இல்லை. பெரும்பாலான ஹப்பில் கப்புக்குப் பின்னால் எதிரெதிரே இரண்டு வெட்டு இருக்கும்; பித்தளைக் கம்பியை அங்கே வைத்து மாற்றி மாற்றித் தட்டினால் நேராக வெளியே வந்துவிடும். புதுக் கப்பை அடிக்கும்போது அகன்ற வாய் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். கடைசி வரை உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறிக் கெட்டியாகக் கேட்கும். அதற்கு முன் நிறுத்தினால், ஓட ஓடக் கப் உள்ளே இறங்கி சக்கரத்தில் ஆட்டம் வந்துவிடும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும், அதனால்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஏமாறாமல் இருக்கக் கணக்கு தெரிந்தால் போதும். ஒவ்வொரு ஹப்பிலும் உள்ளே ஒரு பேரிங், வெளியே ஒரு பேரிங். ஆக இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு கோன், நான்கு கப், இரண்டு சீல் பழைய சாமானாக உங்கள் கைக்குத் திரும்பி வர வேண்டும். வண்டியை விடும்போதே கேட்டுவிடுங்கள். கோனுக்கும் கப்புக்கும் எண் வேறு வேறு: உதாரணமாக கோன் எல்எம் 48548 என்றால் அதன் கப் எல்எம் 48510. உங்கள் வண்டிக்கான எண்களைக் குறித்துக்கொண்டு, டப்பாவில் உள்ளதை மட்டும் பார்க்காமல் பேரிங்கின் முகத்தில் பொறித்திருப்பதையும் பாருங்கள்.

இன்னொரு மோசடியும் உண்டு. புதிய மாடல் பிக்கப் பலவற்றில் முன்சக்கரத்துக்கு சீல் செய்த ஹப் யூனிட்தான். அதைத் திறந்து கிரீஸ் வைக்க வழியே இல்லை. கெட்டால் முழு யூனிட்டும் மாற்ற வேண்டியதுதான். அப்படிப்பட்ட வண்டிக்கு "பேரிங் கிரீஸ்" என்று பில்லில் ஒரு வரி இருந்தால், செய்யாத வேலைக்குக் காசு.

கிரீஸ் விஷயத்தில் நடந்ததும் அதே லட்சணம். பழைய கிரீஸைக் கழுவாமலே மேலே புதுசை அப்பியிருந்தார்கள். பழையதில் இரும்புத் தூள் இருக்கும், அது அரம் மாதிரி அறுக்கும். போதாததற்கு, லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸோடு பென்டோன் (களிமண் வகை) கிரீஸ் கலந்தால் இரண்டும் இளகி ஒழுகிவிடும். நிறத்தை வைத்து வகை கண்டுபிடிக்க முடியாது, அது வெறும் சாயம். டிஸ்க் பிரேக் சூட்டைத் தாங்கும் என்எல்ஜிஐ 2 (கெட்டித்தன்மைக்கான எண்) வீல் பேரிங் கிரீஸ் வேண்டும். சாதாரண சேசிஸ் கிரீஸ் ஆகாது. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, உள்ளங்கையில் கிரீஸை வைத்துக் கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர் நடுவே கிரீஸ் பிதுங்கி வரும்வரை நிரப்ப வேண்டும். கழுவிய பேரிங்கை ஏர் அடித்துச் சுழற்றி விசில் சத்தம் எழுப்பும் ஆளைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எண்ணெய்ப் பசை இல்லாமல் சுற்றும் ரோலர் கீறிவிடும், கூடு விட்டுத் தெறிக்கவும் செய்யும். ஹப்புக்குள் கப் மட்டத்துக்கு ஒரு வளையம் கிரீஸ் போதும். முழுக்க அடைத்தால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளும்.

நட்டு முறுக்குவதில்தான் பேரிங்கின் ஆயுளே இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஸ்பானரில் இறுக்கி பேரிங்கை உட்கார வைத்து, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருப்பி நிறுத்துவது பழைய வகை ஹப்புக்கான முறை. நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னுக்கான ஓட்டை நேர்ப்படவில்லை என்றால் தளர்த்தித்தான் சேர்க்க வேண்டும், இறுக்கி அல்ல. பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் விடுவார்கள். சில பிக்கப்களில் ஆட்டமே இல்லாமல், ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து ப்ரீலோடு (சிறு இறுக்கம்) வைக்கச் சொல்லியிருக்கும். மேனுவலைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு தடவையும் புதுசு. இந்த வண்டியில் பழைய பின்னையே நிமிர்த்தி மாட்டியிருந்தார்கள், ஒரு கால் பாதி முறிந்த நிலையில். அது விழுந்திருந்தால் நட்டு கழன்று சக்கரமே தனியாகப் போயிருக்கும்.

வண்டியை வாங்கும்போது ஒர்க்‌ஷாப்பிலேயே ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷன் மூட்டு) பக்கம் பார்க்க வேண்டும். பிறகு பத்து இருபது கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, இரண்டு ஹப்பின் சூட்டையும் ஒப்பிடுங்கள். நேராகத் தொடாமல் புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் நட்டு அதிகம் இறுகியிருக்கலாம், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் அன்றைக்கே திறக்கச் சொல்லுங்கள்.